மந்தை போன வழி

ஹாங்காங்கின் வடமேற்கில் பிங் ஷான் என்ற ஊர்த்தொகுதி இருக்கிறது. தாங் என்னும் ஒரே குலத்தார் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் இடம். 1993 டிசம்பரில் அங்கே ஒரு மரபு நடைப்பாதை திறக்கப்பட்டது. ஹாங்காங்கின் முதல் மரபு நடை அதுதான். எழுநூறு ஆண்டுப் பழமை சொல்லப்படும் மூதாதையர் மண்டபம், அதன் பக்கத்திலேயே 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த இன்னொரு மண்டபம், மதில் சூழ்ந்த சிற்றூர், மூன்று நிலைக் கோபுரம், பழைய கிணறு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். ஆனால் திறந்து சில ஆண்டுகளுக்குள் தாங் குலத்தார் தங்கள் மண்டபக் கதவுகளை வெளியாருக்கு மூடிவிட்டார்கள். குப்பைக் கிடங்கு ஒன்றை விரிவாக்குவதற்காக, மலைச்சரிவில் இருந்த அவர்களுடைய முன்னோர் சமாதிகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று அரசு சொன்னதே காரணம். 1899-இல் பிரிட்டிஷார் அந்தப் பகுதியை எடுத்துக்கொள்ள வந்தபோது எதிர்த்து நின்ற குலம் அது. அவர்களைக் கண்காணிக்கவே ஊருக்கு மேலே குன்றில் காவல் நிலையம் கட்டப்பட்டது. மண்டபங்களுக்குப் பெயர்ப்பலகை வைத்துப் பராமரிக்க முன்வந்த அரசுக்கு, அந்த மண்டபங்களைத் தாங்கி நின்றது மலைச்சரிவு என்பது தெரியவில்லை. பிறகு சமரசம் வந்தது. 2007-இல் அந்தக் காவல் நிலையக் கட்டிடமே தாங் குலத்தின் வரலாற்றுக் கூடமானது.

இந்தக் கதை கம்பம் பள்ளத்தாக்குக்கு நேரடியாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். மரபுச் சுற்றுலா, பாரம்பரிய நடை என்ற பேச்சு இப்போது தமிழ்நாட்டில் எல்லா மாவட்டங்களிலும் கேட்கிறது. தேனி மாவட்டத்தில் அப்படி ஒரு நடை அமைப்பவர்கள் எங்கே போவார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. சின்னமனூர் பூலாநந்தீசுவரர் கோயில், உத்தமபாளையத்துச் சமணப் புடைப்புச் சிற்பங்கள், சுருளி அருவி, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் நினைவு மண்டபம். ஒவ்வொன்றும் பார்க்கத் தக்கது, அதில் ஐயமில்லை. ஆனால் இவை அரசர்களின், சமயங்களின், பொறியாளர்களின் வரலாறு. இந்தப் பள்ளத்தாக்கின் ஊர்களை ஊர்களாக ஆக்கிய குடிகளின் வரலாறு இவற்றில் இல்லை. அது எங்கே கிடைக்கும் என்று தேடினால் கல்லிலோ காரையிலோ கிடைக்காது. மாட்டு மந்தையிலும், அந்த மந்தை மலைக்கும் வயலுக்கும் போய்வந்த வழியிலும்தான் கிடைக்கும். பிங் ஷானில் மூதாதையர் மண்டபம் செய்த வேலையை இங்கே தொழு செய்தது. ஆகவே இங்கு மரபு நடை என்று ஒன்று அமைந்தால் அது மந்தையின் வழியைப் பின்பற்ற வேண்டும். அந்த வழி அடைபட்டுப் போகாமல் காப்பதும் மரபைக் காப்பதில் சேர வேண்டும்.

இந்தக் குடிகள் யார்? விஜயநகரத்தின் தெற்கு நோக்கிய விரிவும், 16-ஆம் நூற்றாண்டில் மதுரையில் நிலைபெற்ற நாயக்கர் ஆட்சியும் தெலுங்கும் கன்னடமும் பேசும் பல குடிகளை இங்கே கொண்டுவந்தன. போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை, எரசக்கநாயக்கனூர், கண்டமனூர் என்று மலையடிவாரத்தை ஒட்டிப் பாளையங்களும் ஜமீன்களும் எழுந்தன. கன்னட வேளாண் குடியான கப்பிலியர் கம்பத்தில் பெருந்தொகையாக அமர்ந்தார்கள். இன்று அவர்கள் ஒக்கலிகர் என்றே அறியப்படுகிறார்கள். கம்பளத்து நாயக்கர், அனுப்பர், குரும்பர், சக்கிலியர் எனப் பல குடிகளைச் சேர்த்து ஒன்பது கம்பளம் என்று எண்ணும் வழக்கம் பழைய பதிவுகளில் உண்டு. குடிக்கூட்டம் கூடும்போது நடுவில் ஒரு கம்பளி விரித்து, வேப்பிலையும் தண்ணீரும் நிறைந்த கலசத்தைப் பூச்சூட்டி அதன்மேல் வைப்பார்கள். அந்தக் கம்பளியைச் சுற்றி உட்கார்ந்து பேசியதே அவர்களுடைய சபை. அதற்கென்று கட்டிடம் எதுவும் இருக்கவில்லை. விரித்த இடத்தில் சபை கூடும், சுருட்டி எடுத்தால் கலையும். இடம்பெயர்ந்து வந்தவர்கள், மேலும் இடம்பெயர நேரலாம் என்று அறிந்தவர்கள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு இது.

கம்பத்துக் கப்பிலியரின் மந்தையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான பழைய எழுத்துப் பதிவு, பிரான்சிஸ் தொகுத்து 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட விவரச்சுவடி. மூன்றாண்டு கழித்து எட்கர் தர்ஸ்டன் தன் ஏழு தொகுதி நூலில் அதையே எடுத்தாண்டார். கன்னடத்தில் தேவரு ஆவு என்றும் தமிழில் தம்பிரான் மாடு என்றும் சொல்லப்படும் அந்த மந்தையின் மூலக்கால்நடைகளைக் குடி இடம்பெயர்ந்தபோது மைசூர்ப் பக்கமிருந்து உடன் ஓட்டிவந்ததாக நம்பிக்கை. மந்தைக்கு ஒரு பட்டத்துக்காளை உண்டு. அது இறந்தால் அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மனிதர்களுக்கு இல்லை. மாடுகளைத் திரட்டி நிறுத்தி, சூடமும் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் படைத்து, கரும்புக் கட்டை அவற்றின் முன் வைப்பார்கள். எந்தக் காளை முதலில் வந்து கரும்பைக் கடிக்கிறதோ அதற்கே பட்டம். மஞ்சளும் குங்குமமும் பூசி மாலையிட்டு அதை நந்தகோபாலனாகவே வணங்குவார்கள். இன்றும் கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத்தொழு இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று ஊரும் சுற்றுவட்டாரமும் அங்கே திரள்கிறது, நேர்ந்துகொண்டவர்கள் கன்றுகளைத் தொழுவில் விடுகிறார்கள். அதே விவரச்சுவடியில் இன்னொரு செய்தி. அனுப்பரோடு ஏற்பட்ட பூசலில் கப்பிலியர் தலைவரான ராமச்ச கவுண்டன் கொல்லப்பட்டார்; சாகும்போது அவர் இட்ட சாபத்தால் அனுப்பர் கம்பத்தில் தழைக்கவில்லை என்பது ஊர்வழக்கு. அவர் உடல் எரிந்த இடமாக ஒரு அத்திமரத்தையும், அருகே ராமச்சன்குளத்தையும், குளக்கரையின் கீழ் அவர் சாம்பல் வைக்கப்பட்ட மடத்தையும் அன்றைக்குக் காட்டினார்கள். ஒரு மரம், ஒரு குளம், ஒரு சிறு மடம், ஒரு மந்தை. ஒரு குலத்தின் வரலாற்றை நடந்து பார்க்க இந்த நான்கு இடங்கள் போதும்.

மாட்டு மந்தையை மூதாதையர் மண்டபத்துக்கு ஈடாகச் சொல்வது மிகையல்லவா என்று கேட்கலாம். மண்டபத்தில் முன்னோர் பெயர் எழுதிய பலகைகள் தலைமுறை வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். மாட்டுக்கு அப்படி என்ன இருக்கிறது? கேள்வி நியாயமானது. ஆனால் சீனக் குல ஊர்களை நிலைநிறுத்தியது பலகையோ மண்டபமோ அல்ல என்பதை அங்குள்ள நில ஏற்பாட்டைப் பார்த்தால் தெரியும். ஒரு முன்னோர் பெயரில் நிலம் ஒதுக்கப்படும். அதை வாரிசுகள் பங்கு பிரிக்க முடியாது. அதன் வருமானத்தில் படையல் நடக்கும், மண்டபம் பழுது பார்க்கப்படும், குலப் பிள்ளைகள் படிப்பார்கள். பிரிக்க முடியாத அந்தச் சொத்து இருந்த ஊரில் குலம் குலமாக நின்றது. இல்லாத ஊரில் சிதறியது. இதே உண்மைக்குச் செட்டிநாட்டில் இன்னும் கூர்மையான சான்று இருக்கிறது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பது நகரக் கோயில்களின் வழியாகவே நகரத்தார் தங்களைப் பங்காளிகளாகவும் சம்பந்திகளாகவும் வகுத்துக்கொள்கிறார்கள். திருமணத்துக்குக் கோயில் மாலை வர வேண்டும். அதன்பின் அந்தத் தம்பதி ஒரு புள்ளி. புள்ளிக்கு வரி உண்டு. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தபோது உலகம் பார்த்தது வீடுகளைத்தான். அந்த வீடுகளோ பல வாரிசுகளின் பங்குகளாகச் சிதறி, ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, தூணும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. பங்கு பிரியாத ஒன்பது கோயில்களும் குடமுழுக்கு கண்டு நன்றாக இருக்கின்றன. இதைப் பார்த்த பிறகும் மரபு என்பது கட்டிடத்தில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? தம்பிரான் மந்தை இந்த வகையைச் சேர்ந்தது. அது எந்த வீட்டுக்கும் உரியதல்ல, பங்கு பிரிவதுமில்லை. அதைப் பேணும் கடமை ஒரு குடியைத் தலைமுறைக்குத் தலைமுறை ஒன்றாகக் கூட வைக்கிறது.

மந்தை இந்தப் பள்ளத்தாக்கில் நாயக்கர் காலத்தில்தான் முக்கியத்துவம் பெற்றது என்றும் நினைக்க வேண்டாம். 2006-இல் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். கிறித்துவுக்கு முற்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதும் அந்தக் கற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்துபட்ட ஒருவனுக்காக நட்டது. அந்தக் கூடலூர் கம்பத்துக்குத் தெற்கே உள்ள கூடலூர்தானா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் இந்தப் பகுதியில் எழுத்தில் பதிவான மிகப் பழைய சாவுகளில் ஒன்று மாட்டுக்காக நேர்ந்தது என்பதில் வேறுபாடில்லை. அன்றிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இந்த நிலத்தின் செல்வம் பெரும்பாலும் நான்கு கால்களில் நடந்தது. 1895-இல் பெரியாற்று நீர் திரும்பியதும் ஆற்றோரத்து நஞ்சை இருபோகமானது. அதற்கு முன்பே 1882-இன் சென்னை வனச்சட்டம் மலைச்சரிவுகளை அரசின் காப்புக்காடுகளாக்கத் தொடங்கியிருந்தது. பிறகு மேகமலை உச்சியில் தேயிலை வந்தது. மலையும் வயலும் ஒரே மேய்ச்சல் வட்டத்தின் இரு பாதிகளாக இருந்த நிலை இப்படித்தான் உடைந்தது.

ஓடைப்பட்டி இந்த வரலாற்றில் முக்கியமான இடத்தில் இருக்கிறது. சின்னமனூருக்குக் கிழக்கே, மேகமலை அடிவாரத்தை நோக்கிய மேட்டு நிலம். ஆற்றோரத்து ஊர்களுக்கு அணைநீர் கொடுத்த நெல் இதற்கு எளிதில் கிடைக்கவில்லை. கிணற்று நீரை நம்பி, இன்று விதையில்லாத் திராட்சைக்குப் பெயர் பெற்றிருக்கிறது. வெளியூர்க்காரர் வந்தால் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தலைத்தான் படம் எடுப்பார். அந்தப் பந்தலுக்குக் கீழே இருக்கும் மண்ணைக் கவனிப்பவர் குறைவு. மழைக்காலத்தில் மலைப்புல்லில் மேய்ந்த மாடுகள் அறுவடைக்குப் பின் கீழே இறங்கிவரும்; நிலத்துக்காரர் கூப்பிட்டுத் தன் வயலில் கிடை போடச் சொல்வார்; இரவெல்லாம் மாடுகள் அங்கே படுத்திருந்து போகும். சாணமும் கோமியமும் மண்ணில் சேரும், மேய்ச்சல்காரருக்குக் காசோ தானியமோ கிடைக்கும். தேனி மலைமாடு என்று இன்று பேசப்படும் இனம் இந்தப் போக்குவரத்தில் உருவானது. கொட்டிலில் கட்டித் தீனி போட்டு வளர்த்ததல்ல. நடையால், மேட்டால், பள்ளத்தால் தேர்ந்து வந்தது. கிணற்று நீர் கமலையில் ஏறிய காலத்தில் அந்தக் கமலையை இழுத்தவையும் இந்த மாடுகளின் வழிவந்தவையே. மலைமாடு இல்லாமல் இந்த மேட்டு நிலத்தின் விவசாயமே எழுந்திருக்காது. திராட்சை விவசாயிகள் இன்றும் தொழுஉரம் தேடி அலைகிறார்கள். வண்டிக்கு என்ன விலை என்று அவர்களிடம் கேட்டால் தெரியும்.

இந்தக் கதைகளில் பாதி புராணம் என்று வரலாற்றாசிரியர் ஒருவர் மறுக்கலாம். துங்கபத்திரையைக் கடக்க முடியாமல் நின்றபோது புங்கமரம் வளைந்து பாலமானது என்கிறார்கள் கம்பளத்தார். சாபத்தால் ஒரு குடி ஊரைவிட்டே அழிந்தது என்கிறார்கள் கம்பத்தார். இவற்றை அப்படியே பலகையில் எழுதி நட்டால் அது வரலாறாகாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புனைவைக் கழித்த பிறகும் உறுதியான ஒரு மிச்சம் இருக்கிறது. வீட்டுக்குள் இன்றும் ஒலிக்கும் கன்னடமும் தெலுங்கும் வடக்கிலிருந்து வந்ததற்குச் சான்று. மந்தைக்கென்று தனிப் பாதுகாவலரும் கூட்டுப் பராமரிப்பும் இருந்ததற்கு 1906-இன் அச்சுப்பதிவு சான்று. கம்பளத்தார் வாழும் பிற பகுதிகளிலும் சலகெருது என்ற குலமாடு, கரூர், திண்டுக்கல் பக்கத்து மாலை தாண்டும் விழா என்று ஒத்த வழக்கங்கள் இருப்பது, இது ஒரு ஊரின் தற்செயல் அல்ல என்பதற்குச் சான்று. பிங் ஷானிலும் வம்சாவளி ஏடுகளின் தொடக்கப் பக்கங்களை வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஏற்பதில்லை. அதற்காக ஏட்டைத் தள்ளிவைப்பதுமில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு, அதை விரிவாகவே எதிர்கொள்ள வேண்டும். குல வரலாறு என்பது சாதி வரலாறு. மரபு நடை என்ற பெயரில் சாதிப் பெருமிதத்துக்குப் பலகை வைக்கப் போகிறோமா? தேனி மாவட்டம் சாதி மோதல்களின் வடுக்களைச் சுமந்த மண் என்பதால் இந்தக் கேள்வியை யாரும் லேசாகத் தள்ள முடியாது. சீனக் குல ஊர்களும் இந்தப் பழியிலிருந்து தப்பவில்லை. 1972 முதல் ஹாங்காங்கில் நடப்பிலுள்ள சிறுவீட்டுக் கொள்கை ஆண்வழி வாரிசுகளுக்கு மட்டுமே மனை உரிமை தருகிறது. பிங் ஷான் அடங்கிய ‘புதிய பிரதேச’ப் பகுதி ஊர்களின் பெண்கள் நிலத்துக்கு வாரிசாக 1994-இல் சட்டம் வர வேண்டியிருந்தது, அதையும் குலத் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அழகான மண்டபத்தைக் காட்டும் நடைப்பாதை இதைச் சொல்லாமல் போனால் அது பாதி உண்மை. நம் பக்கத்திலும் அப்படித்தான். ஒன்பது கம்பளத்தில் சக்கிலியரும் எண்ணப்பட்டார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, கம்பளியைச் சுற்றி அவர்களுக்கு என்ன இடம் இருந்தது என்று கேட்காமல் போகக் கூடாது. செத்த மாட்டை உரித்ததும், தோலைப் பதப்படுத்தியதும், கமலைக்குத் தோல் பறி தைத்ததும் அவர்கள் உழைப்பு. அந்தப் பறி இல்லையென்றால் இந்த மேட்டு நிலத்தில் ஒரு கிணறும் பயிருக்கு உதவியிருக்காது. பட்டத்துக்காளைக்கு மாலை விழுந்தது, பறி தைத்தவருக்குத் தீண்டாமை விழுந்தது. இதே மாடுதான் 1896-இல் இன்னொரு வன்முறைக்கும் காரணமானது. திண்டுக்கல் பக்கம் அம்மையப்பக் கோன் என்பவர் தலைமையில், திருட்டுப்போன மாட்டுக்கு ஈடு கொடுக்க ஊர்தோறும் நிதி திரட்டி, கள்ளர்களின் காவல் முறையை ஒழிக்கும் இயக்கம் எழுந்தது. அது பரவிய இடங்களில் கள்ளர் குடும்பங்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டன. அதன் பின்னர் குற்றப்பரம்பரைச் சட்டமும் கள்ளர்கள்மீது வந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது.

ஆகவே மந்தையின் வழியைப் பின்பற்றுவது சாதிப் பெருமையை வளர்க்கும் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு நேர் எதிராக நடக்க வாய்ப்பு அதிகம். கோயிலையோ ஜமீன் மாளிகையையோ மையமாக வைத்தால் ஒரு குடியின் கதை மட்டுமே வரும், மற்றவர்கள் அதில் வாசலோடு நின்றுவிடுவார்கள். மாட்டை மையமாக வைத்தால் அதை வளர்த்தவர், மேய்த்தவர், கவர்ந்தவர், காவல் காத்தவர், உரித்தவர், தோல் தைத்தவர், மலைக்காட்டில் வழி அறிந்த பளியர், கிடை போட்ட நிலத்துக்காரர் என்று பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே கதைக்குள் வந்துதான் ஆக வேண்டும். யாரையும் விட்டுவிட்டுச் சொல்ல முடியாத வரலாறு அது. நடை அமைப்பவர்கள் மனசாட்சியோடு சொல்வார்களா என்பது வேறு கேள்வி. ஆனால் சொல்லாமல் மறைப்பதை இந்தக் கதை கடினமாக்கும்.

கடைசி மறுப்பு வனத்துறையிடமிருந்தும் சூழலியலாளர்களிடமிருந்தும் வரும். மேகமலைச் சரிவுகள் இன்று காட்டுயிர்க்கு உரியவை. 2021-இல் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் தேனி மாவட்ட மேய்ச்சல் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் மாநிலக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்தில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் எனச் சுருக்கியது. நாட்டு மாட்டிடமிருந்து காட்டு விலங்குக்கு நோய் தொற்றும், புல்வெளி தேயும், களைச்செடி பரவும் என்ற கவலைகள் உண்மையானவை. வைகைக்கு நீர் தருவதும் இந்த மலைத்தொடர்தான். அதைக் காப்பதற்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஆயினும் மேய்ச்சல்காரரை அண்மையில் காட்டுக்குள் புகுந்தவர்போல நடத்துவது வரலாற்றுப் பிழை. 2006-இன் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும், பருவத்துக்கு ஏற்ப இடம் மாறும் மேய்ச்சல் குடிகளின் உரிமையையும் பெயர் சொல்லியே ஏற்கிறது. பழங்குடியல்லாதவர் மூன்று தலைமுறைத் தொடர்பைக் காட்ட வேண்டும் என்கிறது. நூறாண்டுக்கு முந்தைய அச்சுப்பதிவு உள்ள ஒரு வழக்கத்துக்கு அந்தச் சான்றைத் திரட்டுவது முடியாத காரியமல்ல. காப்பகத்தின் மையப்பகுதியைத் தொடாமல், எந்த மாதத்தில், எத்தனை மாடு, எந்த வழியில் என்று வரையறுத்துக்கொள்ளலாம். முன்பு மந்தைத் தலைவர்களும் ஊர்ப் பெரியவர்களும் அப்படி வரையறுத்துக்கொண்டுதான் மேய்த்தார்கள்.

பிங் ஷானில் அரசு முதலில் மண்டபத்தைப் பழுது பார்த்துவிட்டுப் பிறகு மலைச்சரிவில் கைவைத்தது. இங்கே அந்த வரிசையை மாற்றிச் செய்ய நேரம் இருக்கிறது. பலகை வைப்பதற்கு முன்னால், ஓடைப்பட்டி முதல் கம்பம் வரையிலான ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் தங்கள் எல்லைக்குள் எஞ்சியிருக்கும் மந்தைவெளி, வண்டிப்பாதை, மாட்டுக்குளம், மலையேறும் தடம் ஆகியவற்றை வருவாய்த்துறைப் புலப்படத்தில் அடையாளம் கண்டு, ஆக்கிரமிப்பும் வேலியும் விழாமல் பதிவு செய்ய வேண்டும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசும் முதிய மேய்ச்சல்காரர்களிடமும், தோல் வேலை செய்த குடும்பங்களிடமும், கிடைக்கணக்கு வைத்திருந்த நிலத்துக்காரர்களிடமும் அவர்கள் அறிந்த வழிகளைக் கேட்டு எழுத வேண்டும். கல்லூரி மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. அந்த வழிகள் காகிதத்தில் ஏறிய பிறகு சுற்றுலாத் துறை வரட்டும். அதற்கு முன் வந்தால் காட்டுவதற்குப் பந்தலும் அருவியும் மட்டுமே மிஞ்சும்.